டிரக் சஸ்பென்ஷன்: மாட்டும்போதும் பெயிண்ட் அடிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு டிரக்கைப் பிரித்துத் தன் விருப்பப்படி மாற்றிக் கட்டுபவர்கள் சஸ்பென்ஷனில் செய்யும் தவறுகள் பெரும்பாலும் வேலையின் வரிசை மாறுவதால் வருபவை. பாகங்கள் கைக்கு வந்ததும் பளபளவென்று பார்க்கும் ஆசையில் பவுடர் கோட்டிங்குக்கு (தூள் பெயிண்ட்டைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைப்பது) அனுப்பிவிடுவார்கள். பிராக்கெட் துளை சற்றுத் தள்ளியிருக்கிறது, ஆர்ம் (சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் கை) சேஸியில் இடிக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான் தெரியும். கிரைண்டர் பட்டால் கோட்டிங் போச்சு. எனவே முதலில் எல்லாவற்றையும் வெற்று இரும்பாகவே ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

போல்ட் நுழைந்துவிட்டால் மட்டும் போதாது. காயில் ஸ்பிரிங் என்றால் கழற்றிவிடுங்கள். லீஃப் ஸ்பிரிங் என்றால் மெயின் பட்டையை மட்டும் விட்டுவையுங்கள். ஆக்சிலை ஜாக்கால் பம்ப் ஸ்டாப் (மேலே ஏறும் எல்லையில் இருக்கும் தடுப்பு) வரை ஏற்றி, பிறகு முழுக்கத் தொங்கும் வரை இறக்கி, ஒவ்வொரு நிலையிலும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்ப வேண்டும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, டயர் உரசுகிறதா, புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஸ்லிப் யோக் (நீண்டு சுருங்கும் முனை) முட்டுகிறதா, அல்லது கழன்று வரும் அளவுக்கு நீள்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றியும் பார்க்க வேண்டும். பம்ப் ஸ்டாப்புக்கு முன்பே சாக் அப்சார்பர் அடியில் முட்டுகிறது என்றால் அது அதிக நாள் தாங்காது.

ஆக்சிலில் ஸ்பிரிங் உட்காரும் பேடைப் புள்ளி வெல்டோடு நிறுத்தி வையுங்கள். எஞ்சின், பாடி எல்லாம் ஏறி வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் பினியன் கோணம் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சில் முகப்பின் சாய்வு) சரியாகத் தெரியும். முழு வெல்டையும் ஒரே மூச்சில் அடித்தால் ஆக்சில் குழாய் வளையும். இடம் மாற்றி மாற்றிச் சிறு துண்டுகளாக அடிக்க வேண்டும். எர்த் கிளாம்ப் வெல்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் கரண்ட் பேரிங், பால் ஜாயிண்ட் (எல்லாப் பக்கமும் திரும்பும் குண்டு இணைப்பு) வழியாகப் பாய்ந்து உள்ளே குழி பறித்துவிடும். லீஃப் ஸ்பிரிங்கை மூடி வையுங்கள்; வெல்டிங் பொறி ஒட்டிய இடத்திலிருந்துகூட விரிசல் தொடங்கலாம்.

இனி கோட்டிங். பவுடர் சுமார் 200 டிகிரி செல்சியஸில் வேகிறது. ரப்பர் புஷ்ஷும் (இணைப்புத் துளையில் இருக்கும் ரப்பர் உருளை) பால் ஜாயிண்ட்டின் கிரீஸும் அந்தச் சூட்டைத் தாங்காது, கழற்றித்தான் கொடுக்க வேண்டும். அதைவிட அதிகம் பேர் கோட்டை விடுவது போல்ட் இறுக்கிப் பிடிக்கும் முகங்களில். கோட்டிங் ஒரு முகத்துக்கு 80 மைக்ரான் என்று வையுங்கள். ஒரு இணைப்பில் அப்படி நான்கு முகங்கள் இருந்தால் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் போன்ற ஒரு அடுக்கு நடுவில் நிற்கிறது. ஓட ஓட அது நசுங்கும், போல்ட்டின் பிடி தளரும். நட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. யூ போல்ட் (ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் U வடிவ போல்ட்) உட்காரும் இடம், புஷ் துளை, மரைகள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுத்தான் கோட்டிங் போட வேண்டும். பால் ஜாயிண்ட் நுழையும் கூம்புத் துளையில் பெயிண்ட் மட்டுமல்ல, கிரீஸும் இருக்கக் கூடாது.

குரோம் பூச்சு பற்றி என் கருத்து: கண்காட்சி வண்டிக்கு வேண்டுமானால் சரி, சுமை ஏற்றி ஓடும் வண்டிக்கு வேண்டாம். பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கக்கூடியதாக்கும். 10.9, 12.9 கிரேடு என்ற அதிக வலுவுள்ள போல்ட்டுகளுக்கும் ஸ்பிரிங்குகளுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

கடைசியாக மாட்டும்போது நடக்கும் பெரிய தவறு, வண்டி ஸ்டாண்டில் இருக்க, சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே ரப்பர் புஷ் போல்ட்டுகளை முழுக்க இறுக்குவது. இந்த வகைப் புஷ் சுழலாது. அதன் ரப்பர் முறுக்கிக்கொடுத்துத்தான் ஆர்ம் அசைகிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். கையால் இறுக்கிவிட்டு, வண்டி தன் எடையில் நின்ற பிறகு டார்க் ரெஞ்ச் பிடியுங்கள். பாலியூரித்தேன் புஷ் சுழலும் வகை. அதற்கு சிலிக்கான் கிரீஸ் வேண்டும், சாதாரண கிரீஸ் போதாது.

ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் பின்) துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், தளர்த்தவே கூடாது. பழைய யூ போல்ட்டை மறுபடி போடாதீர்கள். இறுக்கியபோதே அது நீண்டுவிட்டது. புதியதைக் குறுக்காக மாற்றி மாற்றி, சில சுற்றுகளில் இறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப டார்க் பாருங்கள். ஒவ்வொரு நட்டிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் எது நகர்ந்தது என்று குனிந்து பார்த்தாலே தெரியும். வீல் அலைன்மென்ட்டையும் அதோடு பார்த்துவிடலாம்.