ஒரே நாளில் எல்லோரையும் கூட்டாதீர்கள்

ரத்த தானம் செய்ய ஆள் திரட்டுகிறீர்களா? எல்லோரையும் ஒரே முகாமில் குவித்துவிடாதீர்கள். சிவப்பணுக்களைக் குளிர்பதனத்தில் 42 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 5 முதல் 7 நாள்தான் தாங்கும். உலக ரத்த தான நாளான ஜூன் 14 அன்று கொடுத்த ரத்தம் ஆகஸ்டில் விபத்தில் சிக்கியவருக்குக் கிடைக்காது. அதனால் பெயர்களை மாதவாரியாகப் பிரித்து, முறை வரும்போது நேரில் கூப்பிடுங்கள். ‘நானும் வருகிறேன், சேர்ந்தே போகலாம்’ என்று சொன்னால் தயங்குபவரும் கிளம்பிவிடுவார்.

முதல்முறை வருபவருக்கு ஊசியைவிட மயக்கத்தை நினைத்துத்தான் பயம். சாப்பிட்டுவிட்டு, கொடுப்பதற்குச் சற்று முன் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்; தலைசுற்றல் வரும் வாய்ப்பு குறையும். அப்புறம், ஹீமோகுளோபின் குறைவென்று திரும்பியவரை மறந்துவிடாதீர்கள். மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, சில மாதம் கழித்து மறுபடி கூப்பிடுங்கள்.