டர்பனுக்குச் சரக்கு வருமுன்: சுங்க முன்தகவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடியிலிருந்தோ சென்னையிலிருந்தோ தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் கண்டெய்னரில் சரக்கு வரவழைக்கும் நம் கடைக்காரர்களும் கோயில் குழுவினரும், சுங்கத்தில் ஒரு தாமதம் ஏற்பட்டால் டர்பன் துறைமுகத்தில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் அந்தத் தாமதத்தின் வேர் பெரும்பாலும் கடலுக்கு அப்பால், விற்பவரின் அலுவலகத்தில் அவசரமாகத் தட்டச்சு செய்யப்பட்ட இன்வாய்ஸில் இருக்கிறது. சரக்கு இங்கே இறங்கும்போது அந்தத் தவறு ஏற்கெனவே சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் சீட்டான பில் ஆஃப் லேடிங்கிலும், கப்பல் நிறுவனம் சுங்கத்துக்கு அனுப்பிய மின்தகவலிலும் பதிந்துபோயிருக்கும். ஆகவே முன்தகவலை, அதாவது சரக்கு வருமுன்பே சுங்கத்துக்குப் போகும் விவரங்களைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் கொள்முதல் ஆர்டர் எழுதும் நேரமே என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் தவறு காலக்கெடுவைத் தவறாகப் புரிந்துகொள்வது. வருகைக்கு முந்தைய தகவல் என்றவுடன், கப்பல் டர்பனை நெருங்கும்போது கொடுத்தால் போதும் என்று பலரும் கருதுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் சுங்கத்தை நிர்வகிக்கும் வருவாய்த் துறை, அதாவது நாம் சார்ஸ் என்று அழைக்கும் துறை, 1964ஆம் ஆண்டின் சுங்க, கலால் சட்டத்தின் 8ஆம் பிரிவின் கீழ் 2018 ஏப்ரலில் நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, கண்டெய்னர் சரக்கைப் பற்றிய தகவல் வெளிநாட்டுத் துறைமுகத்தில் அந்தக் கண்டெய்னர் கப்பலில் ஏற்றப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே மின்வழியாகச் சார்ஸுக்குப் போய்ச் சேர வேண்டும். கெடு ஓடுவது சரக்கு ஏற்றப்படும் துறைமுகத்தின் கடிகாரத்தில். அதுவும் போதாதென்று, கப்பல் நிறுவனம் தன் வேலைக்கு நேரம் வேண்டுமென்பதால் ஆவண விவரங்களைப் பெற அதைவிட முன்னதாகவே ஒரு கெடு வைக்கும். இறக்குமதியாளர் மனத்தில் வைக்க வேண்டியது சட்டத்தின் 24 மணி நேரத்தை அல்ல, கப்பல் நிறுவனத்தின் அந்தக் கெடுவைத்தான். தூத்துக்குடிச் சரக்கு பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறி வருகிறது என்பதால், அங்கே திருத்திக்கொள்ளலாம் என்று சிலர் அலட்சியமாக விட்டுவிடுவதும் உண்டு. கொழும்பை இரண்டாம் வாய்ப்பாக எண்ணாமல், முதல் ஏற்றுமதித் துறைமுகத்தை விட்டுப் புறப்படும்போதே எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று கொள்வதே பாதுகாப்பானது.

இந்தத் தகவலை அனுப்பும் சட்டப் பொறுப்பு கப்பல் நிறுவனத்துக்கும், பல வணிகர்களின் சரக்கை ஒரே கண்டெய்னரில் சேர்த்து அனுப்பும் ஃபார்வார்டருக்கும் உரியது. இதைக் கேட்டவுடன், அப்படியானால் நமக்கு வேலையில்லை என்று இறக்குமதியாளர் ஒதுங்கிக்கொள்கிறார். கப்பல் நிறுவனம் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. விற்பவர் எழுதிக் கொடுத்ததை அப்படியே அனுப்புகிறது. விற்பவர் எழுதுவதோ நீங்கள் ஆர்டரில் எழுதிய சொற்களைத்தான். சரக்கு நின்றுபோனால் துறைமுகச் சேமிப்புக் கட்டணமும், கண்டெய்னரைக் கெடுவுக்குள் எடுக்காததற்குக் கப்பல் நிறுவனம் விதிக்கும் டெமரேஜும் உங்கள் கணக்கில்தான் ஏறும். அந்தச் செலவைச் சுமப்பவர் தகவலைச் சரிபார்க்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

சரக்கின் விவரணை எழுதுவதில்தான் நம்மவர்களிடம் மிகுதியான குறை காணப்படுகிறது. இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். தைப்பூசக் காவடிக்கு முன் ஒரு கடைக்கு வரும் கண்டெய்னரை எடுத்துக்கொள்வோம். அதில் குங்குமம், ஊதுபத்தி, கற்பூரம், பித்தளை விளக்கு, வேட்டி, தேங்காய் நார் எல்லாம் இருக்கும். பில் ஆஃப் லேடிங்கில் ‘பூஜைப் பொருட்கள்’ என்று ஒரே வரி எழுதி, பெட்டிகளின் எண்ணிக்கையை மட்டும் போட்டிருப்பார்கள். நமக்கு அந்தச் சொல் முழுப் பொருள் தருகிறது. அபாயத்தை எடைபோடும் சுங்கக் கணினிக்கும் அதிகாரிக்கும் அது ஒன்றுமே சொல்வதில்லை. பொதுச் சரக்கு, பலவகைப் பொருட்கள், பரிசுப் பொருட்கள், அன்பளிப்பு என்பனவும் இதே வகைதான். என்ன பொருள், எதனால் ஆனது, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பெட்டி என்ற நான்குக்கும் விடை கிடைக்கும்படி எழுத வேண்டும். ‘விளக்கு’ என்பதற்குப் பதில் ‘பித்தளையால் ஆன எண்ணெய்க் குத்துவிளக்கு, மின்சாரம் இல்லாதது, 40 பெட்டி’ என்று எழுதினால், அதைப் படிப்பவருக்குப் பெட்டியைத் திறந்து பார்க்கும் தேவை குறைகிறது.

இந்தப் பட்டியலில் கற்பூரத்தைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். செயற்கைக் கற்பூரம், ஐக்கிய நாடுகளின் அபாயச் சரக்குப் பட்டியலில் 2717 என்ற எண் பெற்ற, எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். அதன் வகை 4.1. கப்பலில் அனுப்பும்போது அதற்குரிய அபாயச் சரக்கு அறிவிப்பு, உரிய பொதியல், பெட்டியின் மேல் அடையாளம் ஆகியவை தேவை. ‘பூஜைப் பொருட்கள்’ என்ற வரிக்குள் கற்பூரம் மறைந்து வருவது சுங்கத் தகவலில் உள்ள குறை என்பதோடு முடியவில்லை. கப்பல் தளத்தில் அந்தக் கண்டெய்னரை வெப்பத்துக்கு விலக்கி எங்கே வைப்பது என்று முடிவு செய்பவரிடமிருந்தும் அது உண்மையை மறைக்கிறது. கடலின் நடுவே தீப்பிடித்தால் மாலுமிகள் எதை எதிர்கொள்கிறார்கள் என்று அறியாமலே அணைக்கப் போக நேரிடும். ஒரு சிறு பெட்டிதானே என்று விற்பவர் சொன்னாலும், எழுத்தில் அதைத் தனி வரியாகக் கேட்டு வாங்குங்கள். விற்பவர் மறுத்தால் அந்தப் பெட்டியை அந்தக் கண்டெய்னரில் ஏற்ற வேண்டாம்.

அடுத்தது பொருள்வகை எண், அதாவது நாம் ஹெச்.எஸ். கோடு என்று சொல்வது. உலகச் சுங்க அமைப்பு வகுத்த இந்த எண்ணில் முதல் ஆறு இலக்கங்கள் மட்டுமே எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்குப் பின் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்பப் பிரித்துக்கொள்கிறது. மஞ்சளுக்குரிய ஆறு இலக்கம் 0910.30. இந்திய விற்பவர் தன் நாட்டுப் பட்டியலின்படி மஞ்சள் தூளுக்கு 09103030 என்று இன்வாய்ஸில் எழுதுவார். அது அவர் நாட்டுக்குச் சரி. அந்த எட்டு இலக்கத்தை அப்படியே வெட்டி, சரக்கை விடுவிக்க இங்கே சார்ஸிடம் தாக்கல் செய்யும் அறிவிக்கையில் ஒட்டுவது பொதுவான தவறு. தென்னாப்பிரிக்கத் தீர்வைப் பட்டியலில் ஆறு இலக்கத்துக்குப் பின் வருவதை, உங்கள் சார்பில் சுங்க வேலையைக் கவனிக்கும் கிளியரிங் ஏஜெண்டு இங்கிருந்தே பார்த்து எழுத வேண்டும். மசாலா வகைகளில் இன்னும் நுட்பம் உண்டு. வெவ்வேறு தலைப்புகளை, அதாவது வெவ்வேறு முதல் நான்கு இலக்கங்களைச் சேர்ந்த வாசனைப் பொருட்களைக் கலந்த பொடி 0910.91இல் வரும். ஆனால் நம் சாம்பார்ப் பொடியில் துவரம் பருப்பும் கடலைப் பருப்பும் உப்பும் சேர்ந்து, கலவையின் அடிப்படை இயல்பே வாசனைப் பொருளிலிருந்து மாறிவிட்டால், அது 21.03 என்ற தலைப்புக்குப் போகும். எந்தத் தலைப்பு என்று முடிவு செய்ய ஏஜெண்டுக்குத் தேவைப்படுவது பொடியின் பெயர் அன்று, அதில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்ற விகிதம். அதைத் தயாரிப்பாளரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு மின்னஞ்சலோடு முடிகிறது.

சரக்கு பெறுபவரின் பெயர் சிறிய விஷயமாகத் தோன்றும். கடையின் பலகையில் ஒரு பெயர், நிறுவனப் பதிவில் இன்னொரு பெயர், பணம் அனுப்பிய வங்கிக் கணக்கில் மூன்றாவது பெயர் என்று இருந்தால், கப்பல் தகவலில் உள்ள பெயரும் பின்னர் நீங்கள் தாக்கல் செய்யும் அறிவிக்கையில் உள்ள பெயரும் ஒத்துப்போகாது. சார்ஸிடம் இறக்குமதியாளராகப் பதிவான அதே பெயரை, எழுத்து மாறாமல், விற்பவருக்கு அனுப்புங்கள். கோயில்களில் இந்தச் சிக்கல் அதிகம்: குடமுழுக்குக்காகச் சிலைகளுக்கு ஆர்டர் கொடுத்தது குழுத் தலைவர் என்பதால் அவருடைய சொந்தப் பெயரிலேயே பில் ஆஃப் லேடிங் வந்துவிடும், சரக்கு கோயில் அறக்கட்டளைக்கு உரியதாக இருக்கும். விற்பவருக்குப் பணம் கிடைக்கும் என வங்கி உறுதி தரும் கடனுறுதிக் கடிதத்தின் (எல்.சி.) வழியாக வாங்கும்போது பெறுபவர் இடத்தில் பெயருக்குப் பதில் ‘உத்தரவுப்படி’ என்று எழுதப்படுவதுண்டு. அப்போது, தகவல் தெரிவிக்க வேண்டியவர் என்ற கட்டத்தை வெறுமையாக விடாமல் உங்கள் முழுப் பெயரையும் முகவரியையும் நிரப்பச் சொல்ல வேண்டும்.

கண்டெய்னர் எண்ணைக் கையால் எழுதி அனுப்பாமல் இருப்பது நல்லது. நான்கு எழுத்து, ஆறு இலக்கம், இறுதியில் ஒரு சோதனை இலக்கம் என்று அமைந்த அந்த எண் தன்னைத்தானே சரிபார்க்கக்கூடியது. சி.எஸ்.கியூ.யூ. 305438 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால், ஒவ்வோர் எழுத்துக்கும் இலக்கத்துக்கும் உரிய மதிப்பை 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும் எண்களால் பெருக்கிக் கூட்டினால் 6185 வரும். அதை 11ஆல் வகுத்தால் மீதி 3. அந்த 3தான் கடைசி இலக்கம். நடுவில் 05 என்பதை 50 என்று மாற்றி எழுதிவிட்டால் மீதி 8 ஆகிவிடும், தவறு வெளிப்பட்டுவிடும். இதைச் சரிபார்த்துச் சொல்லும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முத்திரை எண்ணுக்கு இப்படிப்பட்ட சோதனை இலக்கம் இல்லை என்பதால், கதவில் பூட்டிய முத்திரையை விற்பவர் படமெடுத்து அனுப்பும்படி கேட்பது வழக்கமாக வேண்டும்.

எடையில் ஒரு குழப்பம் அடிக்கடி நிகழ்கிறது. 2016 ஜூலை 1 முதல் கடற்பாதுகாப்பு உடன்படிக்கையின்படி ஒவ்வொரு கண்டெய்னருக்கும் சரிபார்க்கப்பட்ட மொத்த எடை தரப்பட வேண்டும். அதில் கண்டெய்னரின் வெற்றெடையும் அடங்கும். 20 அடிக் கண்டெய்னருக்கு அது ஏறத்தாழ 2,200 கிலோ. பேக்கிங் லிஸ்டில் சரக்கின் மொத்த எடை 14,600 கிலோ என்றிருக்க, பில்லில் 16,800 என்று வந்திருந்தால், இரண்டையும் யாரோ மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஆவணங்களை ஒப்பிடும் அதிகாரிக்கு, கணக்கில் காட்டாத 2,200 கிலோ சரக்கு உள்ளே இருப்பது போலத் தெரியும்.

ஒரு கண்டெய்னரைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும்போது பில் இரண்டு அடுக்காகும்: கப்பல் நிறுவனம் ஃபார்வார்டருக்குத் தருவது ஒன்று, ஃபார்வார்டர் உங்களுக்குத் தருவது மற்றொன்று. இரண்டும் தனித்தனியே சார்ஸுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும், ஒன்றோடொன்று இணைய வேண்டும். மேலடுக்கு எண்ணை உங்கள் ஏஜெண்டுக்குக் கொடுக்க மறந்தால், உங்கள் அறிவிக்கை கணினியில் தன் சரக்கைத் தேடிக் கண்டடைய முடியாமல் நிற்கும்.

கற்சிலைகளை மரப்பெட்டியில் வைத்து அனுப்பும் சிற்பக்கூடங்களுக்கு ஒரு குறிப்பு: பொதிமரம் 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் உள்வரை வெப்பமூட்டப்பட்டோ, அனுமதிக்கப்பட்ட புகையூட்டலுக்கு உட்பட்டோ, அதற்கான சர்வதேச முத்திரை மரத்திலேயே பதிந்திருக்க வேண்டும். உணவுப் பொருட்களுக்கும் தாவரப் பொருட்களுக்கும் துறைமுகச் சுகாதாரப் பிரிவும் வேளாண் துறையும் கேட்கும் சான்றுகளைக் கப்பல் ஏற்றும் முன்பே கையில் வாங்கிவிடுங்கள்.

மதிப்பைப் பொறுத்தவரை, தென்னாப்பிரிக்கா சுங்க மதிப்பைக் கப்பலில் ஏற்றும் வரையிலான விலையில் கணக்கிடுகிறது. கடல் கட்டணமும் காப்பீடும் அதில் சேர்வதில்லை. விற்பவர் டர்பன் வரையிலான மொத்த விலையை ஒரே தொகையாக எழுதிவிட்டால் அவற்றைப் பிரித்துக் காட்ட ஆதாரம் இல்லாமல் போகும். சுங்க மதிப்பு 1,00,000 ராண்டு, தீர்வை 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு கூட்டு வரிக்காக மதிப்போடு 10 சதவீதமும் தீர்வையும் சேர்க்கப்படும். 1,30,000 ராண்டுக்கு 15 சதவீதம், அதாவது 19,500 ராண்டு வரி. சேர்க்கத் தேவையில்லாத கட்டணத்துக்கும் இந்தக் கணக்கில் வரி கட்டிக்கொண்டிருப்பவர்கள் பலர். விலையைக் குறைத்து எழுதச் சொல்வதோ தவறு என்ற வரம்பைத் தாண்டிய குற்றம். மேலே சொன்ன சுங்க, கலால் சட்டத்தின் 88ஆம் பிரிவின்படி அதிகாரி சரக்கைத் தடுத்து வைக்கலாம்.

கண்டெய்னர் ஏறிய பிறகு, விற்பவர் ஒரு பொருளைச் சேர்த்தோ குறைத்தோ அனுப்பியதாகச் சொன்னால், அன்றே கப்பல் நிறுவனத்துக்கும் ஏஜெண்டுக்கும் எழுதித் தெரிவியுங்கள். கப்பல் கடலில் இருக்கும்போது செய்யும் திருத்தம் ஒரு சாதாரண அலுவலக வேலை; சார்ஸ் பரிசோதனைக்கு எடுத்தபின் செய்யும் திருத்தம் விளக்கம் கேட்கப்படும் விஷயமாகிவிடும். சரக்கு வந்தபின் அறிவிக்கைக்கு வழக்கமாக 7 நாள் கெடு உண்டு என்றாலும், கப்பல் வருமுன்பே தாக்கல் செய்ய இடமிருப்பதால், முன்தகவலோடு ஒத்துப்பார்த்து முன்னதாகவே கொடுப்பது நல்லது. ஏற்கெனவே தாக்கல் செய்த அறிவிக்கையில் தவறு தெரிந்தால், 40ஆம் பிரிவு வகுத்துள்ள திருத்தச் சீட்டை அவர்கள் கேட்குமுன் நீங்களே கொடுத்துவிட்டு, பழைய இன்வாய்ஸ், புதிய இன்வாய்ஸ், விற்பவரின் மின்னஞ்சல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஆவணங்களுக்குச் சட்டம் வகுத்துள்ள 5 ஆண்டுக் காலமும் பாதுகாத்து வையுங்கள்.