சின்னத் தொட்டிக்குக் கலர் மீன்: கொளத்தூர் போகும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை லீவு விட்டதும் சென்னை கொளத்தூரின் கலர் மீன் கடைகளில் சாயங்காலம் நிற்க இடம் இருக்காது. ஒரு அடித் தொட்டி, ஒரு பை மணல், ஒரு சின்ன மோட்டார், அப்புறம் "எல்லா கலர்லயும் ரெண்டு ரெண்டு போடுங்கண்ணா". இப்படித்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறது. நாங்களெல்லாம் ஆரம்பித்ததும் இப்படித்தான்.

தீனியை அள்ளிக் கொட்டாதே, நூறு மீனை ஒன்றாக அடைக்காதே, தொட்டியை வெயிலில் வைக்காதே என்பதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அதை விட்டுவிடுகிறேன். ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடி நீளம், எட்டு அங்குல அகலம், எட்டு அங்குல உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை நிரம்பினாலும் 12 லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். மணலும் செடியும் போனால் 10 லிட்டர். ஒரு குடம் தண்ணீர்கூடக் கிடையாது. இவ்வளவு சின்ன இடத்தில் தப்பு நடந்தால் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்காது.

நிறத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீரை மறப்பது

எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். பணமும் இதில்தான் அதிகம் போகிறது.

தண்டையார்பேட்டையில் தெரிந்த தம்பி ஒருவர் நியான் டெட்ரா என்ற, நீலமும் சிவப்பும் மின்னும் சின்ன மீனை வாங்கினார். நாலைந்து நாளில் நிறம் வெளுத்தது, பிறகு ஒவ்வொன்றாகச் செத்தது. மறுபடி வாங்கினார், மறுபடி செத்தது. கடையில் நீல மருந்து கொடுத்தார்கள், அது கேட்கவில்லை. ஃபில்டரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். கடைசியில் "டெட்ராவுக்கு ஹீட்டர் கட்டாயம்" என்று ஒரு ஹீட்டரையும் விற்றுவிட்டார்கள். மே மாதத்தில், வடசென்னையில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் ஹீட்டர்! நான் போய்ப் பார்த்தபோது தண்ணீர் 32 டிகிரி. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் ஆயிரத்தைத் தாண்டி எகிறியது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், அதாவது போர் தண்ணீர். "மீன் சரியில்லண்ணா, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் தம்பி. மீனில் கோளாறு எதுவும் இல்லை. இந்தத் தண்ணீருக்கு அந்த மீனைத் தேர்ந்தெடுத்ததுதான் கோளாறு.

நியான் டெட்ரா அமேசானின் மேல் பகுதி ஓடைகளைச் சேர்ந்தது. காட்டு நிழலில், உதிர்ந்த இலைகள் ஊறிய, உப்பே இல்லாத மென்மையான நீர். 20 முதல் 26 டிகிரி வரை அதற்குச் சுகம். இப்போது கடைக்கு வருபவை பண்ணையில் வளர்ந்தவை என்பதால் கொஞ்சம் கடின நீரைத் தாங்கும். உப்பு நீரும் சூடும் சேர்ந்து வந்தால் தாங்காது.

சூட்டில் என்ன ஆகிறது என்று பாருங்கள். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 32 டிகிரியில் 7.3தான். அதே சூட்டில் மீனின் உடம்பு வேகமாக இயங்கி முன்பைவிட அதிக ஆக்சிஜன் கேட்கும். இதோடு அம்மோனியா வேறு. மீன் கழிவிலிருந்து வருவது தண்ணீரில் இரண்டு உருவில் இருக்கும், ஒன்றில் அவ்வளவு ஆபத்தில்லை, மற்றது விஷம். 25 டிகிரியில் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் அளவு) 7 என்றால் மொத்தத்தில் சுமார் 0.6 சதவீதம்தான் விஷ உருவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். கழிவு அதேதான், விஷம் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. சூடு ஏறினால் இன்னும் கூடும். புதுத் தொட்டியில் இதைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் மூன்று தவணை நியான் வாங்கியிருப்போம்.

வடசென்னையில் பக்கத்துப் பக்கத்து வீட்டிலேயே தண்ணீர் வேறு வேறாக இருக்கும். குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீருக்கு ஏரியும் மூலம், கடலும் மூலம். புழல் ஏரி ஒரு பக்கம் என்றால், மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010-ல் திறந்த, நாளுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீர் ஆலை இன்னொரு பக்கம். லாரியில் வருவதில் குளோரின் தூக்கலாக இருக்கும். ஆன்டி குளோரின் சொட்டு விடாமல் தொட்டியில் ஊற்றக் கூடாது. போர் தண்ணீர் முற்றிலும் வேறு கதை. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாகப் போகப் போக உப்பு ஏறும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சியே கடல் உள்ளே வந்துவிட்டது. ஒரே வீட்டில் குளிக்கப் போர், சமைக்க மெட்ரோ, குடிக்க கேன். தொட்டிக்கு எதை ஊற்றினீர்கள் என்று கேட்டால், "அம்மா ஊத்துனாங்கண்ணா, தெரியல".

இதைச் சொன்னதும் சிலர் நேரே எதிர்ப்பக்கம் பாய்வார்கள், முழுக்க கேன் தண்ணீர். அதுவும் சரிப்படாது. கேனில் வரும், உப்பு வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரில் பிஎச்சைப் பிடித்துவைக்கும் உப்புகள் போதாது. கழிவைத் தின்னும் பாக்டீரியா இருக்கிற கொஞ்சத்தையும் தீர்த்துவிட, பிஎச் ஒருநாள் சடாரென்று இறங்கும். கேன் தண்ணீரோடு நல்ல மெட்ரோ தண்ணீரையோ போர் தண்ணீரையோ கலந்து, எப்போதும் ஒரே விகிதத்தில் ஊற்றுங்கள். விகிதம் எதுவானாலும் வாரா வாரம் மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம்.

என்னைக் கேட்டால் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதைவிட மீனை மாற்றுவது சுலபம். பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி முதலில் வீட்டில் அளந்துவிட்டு, பிறகு கடைக்குப் போங்கள். போர் தண்ணீர்தான் கதி என்றால் கப்பியையோ அதன் நெருங்கிய உறவான எண்ட்லரையோ வாங்குங்கள். கடின நீர் இவற்றுக்குப் பிடிக்கும், சூட்டையும் ஓரளவு பொறுக்கும். உள்ளூர்த் தொட்டிகளில் பிறந்து வளர்ந்தவையாகக் கேட்டு வாங்கினால் நம் தண்ணீர் அவற்றுக்குப் புதிதாகவும் இருக்காது. ஆண் மீன்களை மட்டும் எடுங்கள், நிறமும் அவற்றில்தான். ஒரு பெண் கப்பி வந்தால் போதும், ஆண் துணையே இல்லாமல் மாதக்கணக்கில் குட்டி போடும். விந்தை உடம்பில் சேமித்து வைத்திருக்கும்.

மெட்ரோ தண்ணீர் ஒழுங்காக வரும் வீடு என்றால் எம்பர் டெட்ரா நல்ல தேர்வு. முழுவளர்ச்சியே 2 சென்டிமீட்டர்தான், செடிக்கு நடுவே தணல் மாதிரி இருக்கும். ஆறேழு சேர்ந்து இருந்தால்தான் வெளியே வந்து நீந்தும், அதனால் 20 லிட்டராவது வேண்டும். நியான்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அதே மாதிரி இருக்கும் கார்டினல் டெட்ராவைப் பாருங்கள். நியானுக்குச் சிவப்பு பாதி உடம்பில்தான், கார்டினலுக்கு முழு நீளம். சூட்டை நியானைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் இதற்கும் மென்மையான நீர்தான் வேண்டும், தொட்டி இன்னும் பெரிதாக வேண்டும். கத்திரி வெயிலில் தொட்டியின் மேல் ஒரு சின்ன மின்விசிறி ஓடினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் கேன் தண்ணீர் சேருங்கள். போர் தண்ணீரைச் சேர்த்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

கேலக்ஸி ரஸ்போராவின் மேல் ஆசை

2006-ல்தான் உலகுக்குத் தெரியவந்த மீன். மியான்மரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் குளங்களைச் சேர்ந்தது. நம் கடின நீர் இதற்குச் சம்மதம். நம் சூடு சம்மதமில்லை. ஏ.சி. ஓடும் அறை இல்லாதவர்கள் படத்தில் பார்த்து ரசிக்கலாம்.

ஃபைட்டரோடு கப்பி

வேண்டாம். கப்பியின் வாலைப் பார்த்தால் ஃபைட்டர் இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துக்கொள்ளும். 20 லிட்டரில் தனி ஃபைட்டர், நாலு செடி. நம் ஊர் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான கலர் மீன் எனக்குத் தெரியாது.

பஞ்சு மிட்டாய் நிறத்தில் டெட்ரா

ரோஸ், ஊதா, பச்சை என்று நிற்கும் விடோ டெட்ராக்களில் பல சாயம் ஏற்றியவை. கண்ணாடி மீனுக்கு ஊசி போட்டே ஏற்றுவார்கள். சில மாதத்தில் நிறம் போய்விடும், மீன் அதற்கு முன்பே போனாலும் போகும். உடம்பு முழுக்க ஒளிரும் குளோ டெட்ரா வேறு வகை. அது மரபணு மாற்றியது, நிறம் போகாது. ஆனாலும் அதுவும் விடோ டெட்ராதான், ஒரு அடித் தொட்டிக்குப் பெரிது.

டேங்க் கிளீனர்

கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் இந்த மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். தொட்டியே ஒரு அடி. வளர்ந்ததும் ஏரியில் விடுகிறார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இது பரவிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஹீட்டர்

வாங்காதீர்கள்.

பையைக் கவிழ்த்து ஊற்றுவது

கொளத்தூரிலிருந்து எண்ணூர் வரை பைக்கில் மீன் கொண்டுபோகிறவர்கள் வெயில் இறங்கிய பிறகு கிளம்புங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டால் சூடு சமமாகும், உப்பு சமமாகாது. மீனைப் பைத் தண்ணீரோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் விட்டு, காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், கிண்ணத்துத் தண்ணீர் சாக்கடைக்கு. அன்றைக்கு விளக்குப் போட வேண்டாம், தீனியும் வேண்டாம். மறுநாள் காலை விளக்குப் போட்டவுடன் டெட்ரா வெளுத்துத் தெரிந்தால் மருந்துக்கு ஓடாதீர்கள். இருட்டில் அவை நிறத்தைச் சுருக்கிக்கொள்ளும். அரை மணி கழித்துப் பாருங்கள்.