கடற்கரைப் பக்கம் வீடா? 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எண்டு கேட்டு வாங்குங்கோ

பருத்தித்துறை, குருநகர், காரைநகர்ப் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில கேற், கிறில் போடுற ஆக்கள் இதை ஒருக்கா வாசியுங்கோ. கடையில காந்தம் வைச்சுப் பார்த்து, ஒட்டேல்லை எண்டதும் நம்பி வாங்குறது வழக்கம். 304, 316 எண்டது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின்ர ரெண்டு தரங்கள். ரெண்டிலயும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது, அதால எது எண்டு காந்தம் காட்டாது. பில்லில எந்தத் தரம் எண்டு எழுதி வாங்குங்கோ, அதுதான் பாதுகாப்பு.

துருவைத் தடுக்கிறது குரோமியம். 1797இல் பிரான்ஸ் விஞ்ஞானி வொக்லான், சைபீரியாவில எடுத்த ஒரு செந்நிறக் கனிமத்தில கண்டுபிடிச்ச உலோகம். ஸ்டீலில குறைஞ்சது 10.5 சதவீதம் இது கலந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒக்சைட்டுப் படலம் மேலே படியும். கீறல் விழுந்தாலும் காத்துப் பட்டதும் தானாவே மூடிக்கொள்ளும், அருமையான குணம். ஆனால் உப்புக்காத்தில வாற குளோரைட் அந்தப் படலத்தை ஊசிமுனை மாதிரித் துளைச்சிடும். பழுப்புப் புள்ளிகள் அதாலதான் வருது. 316இல் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் எண்ட உலோகமும் இருக்கிறதால கூடுதலாத் தாங்கும். விலை கூடத்தான், எண்டாலும் கடலோரத்துக்குத் தகும்.

ஏற்கெனவே 304 பூட்டியிருந்தால் கிழமைக்கு ஒருக்கா நல்ல தண்ணியால கழுவித் துடையுங்கோ. உவர்க் கிணத்துத் தண்ணி சரிவராது. இரும்புத் தும்பால தேய்க்கவே வேண்டாம், அதின்ர துகள் ஒட்டித் துருவாகும்.