உப்புநீர்த் தொட்டியில் புதுசாக ஏதோ ஊர்கிறதா?

பாறையோடும் பவளத்தோடும் ஒட்டிக்கொண்டு வந்த குட்டி உயிர்களைப் பார்க்க நல்ல நேரம், தொட்டி விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். அந்த வெளிச்சத்துக்குப் பெரும்பாலானவை அவ்வளவாக மிரளாது. பம்பைச் சற்று நிறுத்திவிட்டு, மொபைலைக் கண்ணாடியோடு நேராக ஒட்டிப் பிடித்து வீடியோ எடுங்கள். போட்டோவை விட வீடியோ மேல். நடையை வைத்தே பாதி அடையாளம் தெரிந்துவிடும்.

கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி வெடுக் வெடுக்கென்று தாவினால் அது கோப்பிபாட், மீனுக்குத் தீனி. பக்கவாட்டில் தட்டையாகி, குட்டி இறால் போல வளைந்திருந்தால் ஆம்ஃபிபாட், அதுவும் சாது. மேலிருந்து அமுக்கியது போலத் தட்டையாக இருந்தால் ஐசோபாட். அதிலும் பல வகைகள் வம்பில்லாதவை. ஆனால் பெரிய கண்ணோடு மீன் மேலேயே ஒட்டிக் கிடந்தால் பிடித்து வெளியேற்றிவிடுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் வெள்ளைச் சுருள் கூடுகளா? ஸ்பைரோர்பிட் புழுக்கள், சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

இருபுறமும் முள் ரோமம் உள்ள புழுவை மட்டும் வெறும் கையால் தொடாதீர்கள். ரோமம் தோலில் குத்தி நின்றுவிடும். அப்புறம், பழுப்பு நிறத்தில், தொட்டால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும் குட்டி அனிமோன் (பூப் போல விரியும் கடல் உயிர்) ஐப்டேசியா என்ற தொல்லை வகையாக இருக்கலாம். அதைச் சுரண்டிப் பிய்க்கவே கூடாது, விட்டுப்போன துணுக்கிலிருந்தும் முளைக்கும்.