கூடையில் பழம் விழுந்தும் புள்ளி ஏறவில்லையா? பிள்ளைகள் கேம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை காலையில் நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் சொல்லிக்கொடுக்கிறேன். பிளாக் எனப்படும் கட்டளைத் துண்டுகளை அடுக்கி கேம் செய்யும் மென்பொருள் அது. முதல் நாளே எல்லாரும் கேட்பது ரோப்லோக்ஸ் மாதிரி பெரிய ஆன்லைன் கேம் ஒன்று. முதல் தவறு அங்கேதான். பத்து லெவல், இருபது எதிரி, கடை, காசு என்று தொடங்கிய எந்த கேமும் என் வகுப்பில் முடிந்ததில்லை. ஒரு அசைவு, ஒரு புள்ளிக்கணக்கு போதும். அது ஓடட்டும், அப்புறம் மற்றதைச் சேர்க்கலாம்.

ஓர் ஐந்தாம் ஆண்டு மாணவி, செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் தன் பாட்டியை வைத்து கேம் செய்தாள். மேலிருந்து பழம் விழும். பாட்டி கூடையோடு இடமும் வலமும் நகர்வார். பழம் கூடையில் விழுந்தும் புள்ளி ஏறவில்லை. "டீச்சர், கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சு" என்றாள். கெடவில்லை. 'கூடையைத் தொட்டால்' என்று பார்க்கும் இஃப் பிளாக்கை, உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்ப ஓட்டும் ஃபாரெவர் லூப்புக்கு மேலே வைத்திருந்தாள். ஆட்டத்தைத் தொடங்கும் பச்சைக் கொடியை அழுத்தியதும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு அது ஓய்ந்துவிட்டது. புதிதாகப் படிப்பவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இது.

லூப்புக்குள் நகர்த்தினாள். இப்போது ஒரே பழத்துக்குப் புள்ளி தாறுமாறாக எகிறியது. லூப் நொடிக்கு 30 தடவை வரை சுற்றும். பழம் கூடையைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புள்ளி. "பழம் எவ்வளவு நேரம் கூடையில இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். இருபது நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தொட்டவுடன் பழத்தை மறுபடி மேலே அனுப்பும் பிளாக்கை அவளே போட்டாள். பெற்றோரே, அந்த இருபது நிமிடத்தில் தயவுசெய்து மவுஸைப் பிடுங்காதீர்கள். பிள்ளை யோசிக்கக் கற்பதே அந்த நேரத்தில்தான்.

ஸ்கிராட்ச் திரையின் அகலம் 480, உயரம் 360, சுழியம் நட்டநடுவில். அதனால் இடப்பக்க ஓரம் -240, கீழ் ஓரம் -180. சுழியத்துக்குக் கீழே உள்ள எண்களைப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில்தான் முறையாகப் படிப்பார்கள். அதை விளக்காமல் 'எக்ஸ் (இடவலம்), ஒய் (மேல்கீழ்)' என்று பேசிப் பயனில்லை. நான் தரையில் சாக்கட்டியால் ஒரு சிலுவைக் கோடு போட்டு, "-3க்குப் போ" என்று நடக்கவிடுவேன். நடந்து பார்த்த பிள்ளை மறப்பதில்லை.

ஆட்டம் தொடங்கும்போது புள்ளியைச் சுழியமாக்க மறப்பதும் உண்டு; ஒரே பிளாக்கில் சரியாகிவிடும். யூடியூப் பார்த்து அப்படியே அடுக்கினால், எந்த பிளாக் எதற்கு என்று கேட்டால் பதில் வராது. பார்த்து முடித்ததும் ஒரு எண்ணையாவது மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, சேமிப்பு. கணக்கில் நுழையாமல் பிரவுசரில் செய்ததை மூடினால், உழைத்தது போய்விடும். வகுப்பு முடியுமுன் கோப்பாக இறக்கி பென்டிரைவில் வைக்கட்டும்: 'பாட்டி1', அடுத்த வாரம் 'பாட்டி2'. இரண்டாவது பழுதானால் முதலாவது கையில் இருக்கும்.