சிவப்புப் பொத்தானுக்கு விலாசம்: பாய்மரப் படகில் வயர்லெஸ்ஸையும் பிளாட்டரையும் இணைப்பது எப்படி?

இரண்டு வருடம் முன்பு, மாசி மாதத்தில் ஒரு மாலை. சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நண்பரின் பாய்மரப் படகில் சுக்கான் கழன்றுவிட்டது. வயர்லெஸ்ஸில், அவசர அழைப்புக்கான சேனல் 16ல் அவர் குரல் கேட்டது. "எங்கண்ணே இருக்கீங்க?" என்று கேட்டேன். "லைட்ஹவுஸ் தெரியுது தம்பி, அதுக்குக் கொஞ்சம் வடக்கால" என்றார். மெரினா கலங்கரை விளக்கம் கடலில் எவ்வளவோ தூரத்துக்குத் தெரியும். அதை வைத்து ஒரு படகைத் தேட முடியாது. அவருடைய கேபினில் இருந்த பிளாட்டர் (ஜிபிஎஸ் வைத்துப் படகின் இடத்தைக் கடல் வரைபடத்தில் காட்டும் திரை), படகு நிற்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் துடுப்பை வைத்துத் திசை பிடித்துக்கொண்டிருந்தவரால் கீழே இறங்கி அதைப் படிக்க முடியவில்லை. தேடிப் போய்ச் சேர எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

மறுநாள் அவருடைய வயர்லெஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தேன். பிளாட்டரோடு சேர வேண்டிய மெல்லிய ஒயர்கள் நான்கும் இன்சுலேஷன் டேப் சுற்றி மடித்துக் கட்டப்பட்டிருந்தன. மாட்டிக் கொடுத்தவர் பவரும் ஆன்டெனாவும் கொடுத்து, பேச்சு கேட்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு நான் ஏறிப் பார்த்த படகுகளில் பலவற்றின் நிலை இதுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடக்கூடிய வேலை இது.

அந்த நான்கு ஒயர் எதற்கு?

விஎச்எஃப் (படகுகள் பேசிக்கொள்ளும் அலைவரிசை) வயர்லெஸ்ஸில் மூடி போட்ட ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். மூடியைத் தூக்கிச் சில விநாடி அழுத்திப் பிடித்தால், சேனல் 70 வழியாக டிஎஸ்சி என்னும் டிஜிட்டல் செய்தி போகும். அதில் உங்கள் படகின் எம்எம்எஸ்ஐ எண் (வயர்லெஸ்ஸில் படகை அடையாளம் காட்டும் எண்), படகு இருக்கும் இடம், நேரம் எல்லாம் இருக்கும். யாரும் ஏற்றுப் பதில் தராவிட்டால், ஏறக்குறைய நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அதுவே திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். நீங்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கலாம், பாயை இறக்கிக்கொண்டிருக்கலாம். செய்தி போய்க்கொண்டே இருக்கும்.

ஆனால் வயர்லெஸ்ஸுக்கு இடம் தெரியாவிட்டால், அந்த இடத்தில் பத்து ஒன்பதுகளை நிரப்பி அனுப்பும். யாரோ ஆபத்தில் இருக்கிறார் என்று கேட்பவருக்குத் தெரியும், எங்கே என்று தெரியாது.

எதிர்த்திசையிலும் பயன் உண்டு. வேறொரு படகு அபயச் செய்தி அனுப்பினால், உங்கள் வயர்லெஸ் அதை வாங்கிப் பிளாட்டருக்குத் தரும். வரைபடத்தில் அந்தப் படகு ஒரு புள்ளியாக வந்து நிற்கும். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் காகிதத்தில் எழுதி, பிறகு பிளாட்டரில் தட்டி, ஓர் இலக்கம் தவறி வேறெங்கோ போகிற ஆபத்து இல்லை. இப்போது வரும் பல வயர்லெஸ்களில் ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கிறது. அப்படி இருந்தாலும் இந்த எதிர்த்திசைக்காகவே ஒயர் போடுங்கள் என்பேன்.

ஒயரைத் தொடும் முன்

படகில் விஎச்எஃப் வைக்க மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும். எம்எம்எஸ்ஐ ஒன்பது இலக்க எண். இந்தியப் படகுகளுக்கு 419 என்று தொடங்கும். பல வயர்லெஸ்களில் அதை ஓரிரு முறைதான் பதிய முடியும், தப்பாகிவிட்டால் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும். எண் கையில் வரும்வரை ஏதோ ஒன்றைப் போட்டுவைக்காதீர்கள்.

அடுத்து, இரண்டு கருவிகளின் கையேட்டையும் திறந்து அவை எந்த மொழி பேசுகின்றன என்று பாருங்கள். 1983ல் வந்த என்எம்இஏ 0183 என்றால் மெல்லிய தனித்தனி ஒயர்கள். என்எம்இஏ 2000 என்றால் திருகிப் பூட்டும் வட்டமான கனெக்டர். ஒன்று பழசு, மற்றது புதுசு என்று இருந்தால் இடையில் ஒரு கன்வர்ட்டர் வாங்க வேண்டும்.

மல்டிமீட்டர், டெர்மினல் பிளாக் (ஒயர்களைத் திருகி இணைக்கும் கட்டை), கிரிம்பிங் டூல் (ஒயர் முனையில் கனெக்டரை நசுக்கிப் பூட்டும் கருவி) எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். ஒயரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர்தான் உப்புக் காற்றுக்குத் தாங்கும். சாதாரணச் செம்பு ஒயர் இன்சுலேஷனுக்குள்ளேயே கறுத்துப் பொடிந்துபோகும். வெளியே பார்த்தால் புதிது போலவே இருக்கும். சூடு காட்டினால் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் டியூபும் உள்ளே பசை தடவியதாகப் பார்த்து வாங்குங்கள்.

முதல் படி: பவர்

வயர்லெஸ்ஸுக்குத் தனி ஃபியூஸ், ஸ்விட்ச் பேனலிலிருந்து தனி ஒயர். 25 வாட்டில் பேசும்போது 12 வோல்ட்டில் ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். பிளாட்டருக்குப் போகும் மெல்லிய ஒயரிலிருந்தே கிளை எடுத்தால், மைக்கை அழுத்தியதும் பிளாட்டர் அணைந்து மறுபடி எழும். இரண்டின் நெகட்டிவும் ஒரே பஸ் பாரில் (பல ஒயர்களைச் சேர்க்கும் உலோகப் பட்டை) வந்து சேரட்டும். வயர்லெஸ்ஸின் ஸ்பீக்கரில் காந்தம் இருப்பதால் திசைகாட்டியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி மாட்டுங்கள். ஆன்டெனா இணைக்காமல் மைக் பொத்தானை அழுத்தவே கூடாது.

இரண்டாம் படி: வாயும் காதும்

0183 ஒயரிங்கில் பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். நான் கற்றுக்கொடுக்கும்போது இப்படிச் சொல்வேன்: ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வாய், ஒரு காது. டிஎக்ஸ் என்பது வாய், ஆர்எக்ஸ் என்பது காது. பிளாட்டரின் வாய் வயர்லெஸ்ஸின் காதில் சேர வேண்டும். வயர்லெஸ்ஸின் வாய் பிளாட்டரின் காதில் சேர வேண்டும். வாயையும் வாயையும் கட்டினால் இருவரும் கத்துவார்கள், யாருக்கும் எதுவும் கேட்காது.

ஒவ்வொரு வாய்க்கும் காதுக்கும் பிளஸ், மைனஸ் என்று இரண்டு ஒயர். சில கம்பெனிகள் ஏ, பி என்று எழுதும். ஆக மொத்தம் நான்கு இணைப்பு:

பிளாட்டர் டிஎக்ஸ் பிளஸ் – வயர்லெஸ் ஆர்எக்ஸ் பிளஸ்
பிளாட்டர் டிஎக்ஸ் மைனஸ் – வயர்லெஸ் ஆர்எக்ஸ் மைனஸ்
வயர்லெஸ் டிஎக்ஸ் பிளஸ் – பிளாட்டர் ஆர்எக்ஸ் பிளஸ்
வயர்லெஸ் டிஎக்ஸ் மைனஸ் – பிளாட்டர் ஆர்எக்ஸ் மைனஸ்

நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் நீல ஒயர் வாய் என்றால் இன்னொரு கம்பெனியில் அது காதாக இருக்கும். கையேட்டில் இருக்கும் ஒயர் அட்டவணையை ஒரு தாளில் எழுதி, இரண்டு பக்கத்தையும் கோடு போட்டு இணைத்துப் பார்த்த பிறகே ஸ்ட்ரிப்பரைக் கையில் எடுங்கள்.

பழைய கருவிகள் சிலவற்றில் மைனஸ் ஒயர் தனியாக இருக்காது, பொதுவான கிரவுண்ட் மட்டும் இருக்கும். பேசும் கருவி அப்படிப்பட்டதானால், கேட்கும் கருவியின் மைனஸைப் பேசுபவரின் கிரவுண்டில் சேர்த்துவிடலாம். கேட்கும் கருவி அப்படிப்பட்டதானால், பேசுபவரின் பிளஸ்ஸை மட்டும் கொடுங்கள். அதன் டிஎக்ஸ் மைனஸைக் கிரவுண்டில் கட்டாமல் டேப் சுற்றித் தனியே விட்டுவிடுங்கள். கட்டினால் அந்தப் போர்ட் கெட்டுப்போகலாம்.

சுக்கானருகே ஒன்றும் கேபினில் ஒன்றுமாக இரண்டு பிளாட்டர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். ஒரு வாய் பேச இரண்டு காது கேட்கலாம். எனவே வயர்லெஸ்ஸின் டிஎக்ஸை இரண்டு பிளாட்டருக்கும் கொடுக்கலாம். ஒரு காதில் இரண்டு வாய் பேசக் கூடாது. எனவே வயர்லெஸ்ஸுக்கு இடம் சொல்லும் வேலையை ஒரு பிளாட்டரிடம் மட்டும் கொடுங்கள். கடலில் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் பிளாட்டர் எதுவோ, அதுவே அந்த வேலைக்கு.

எல்லா இணைப்பும் டெர்மினல் பிளாக்கில், மூடியுள்ள பெட்டிக்குள், கை எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு ஒயரிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

மூன்றாம் படி: வேகம்

ஒயர் சரியாக இருந்தும் பேசவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் வேகம்தான். 0183ல் தகவல் போகும் வழக்கமான வேகம் 4800 பாட் (விநாடிக்கு இத்தனை பிட்). பிளாட்டரின் செட்டிங்கில் அந்தப் போர்ட்டை 0183, 4800 என்று வையுங்கள். வெளியே அனுப்பும் வாக்கியங்களில், இடத்தையும் நேரத்தையும் சொல்லும் ஆர்எம்சி இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் வயர்லெஸ் ஏஐஎஸ் (கப்பல்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் தாமே அறிவிக்கும் முறை) செய்திகளையும் வாங்கித் தருவதானால் வேகம் 38400 ஆக வேண்டும். சென்னையைப் போலச் சரக்குக் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும் இடத்தில் அது மிகவும் உதவும். பல பிளாட்டர்களில் ஒரு போர்ட்டின் வாய்க்கும் காதுக்கும் ஒரே வேகம்தான். கப்பல்கள் தெரிய வேண்டும் என்று பிளாட்டரை 38400க்கு மாற்றிய அந்த நொடியில், 4800ல் கேட்டுக்கொண்டிருந்த வயர்லெஸ்ஸுக்கு இடம் போய்ச் சேராமல் நின்றுவிடும். இரண்டு பக்கமும் மாற்றுங்கள். வயர்லெஸ்ஸில் அந்த வசதி இல்லாவிட்டால் பிளாட்டரின் இரண்டாவது போர்ட்டைப் பயன்படுத்துங்கள்.

என்எம்இஏ 2000 ஆக இருந்தால்

இது எளிது. படகின் நீளத்துக்கு ஒரு முதுகெலும்புக் கேபிள், அதில் கருவிக்கு ஒரு டி கனெக்டர், ஒவ்வொரு டி-யிலிருந்தும் ஒரு கிளைக் கேபிள். கிளை 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. முதுகெலும்பின் இரண்டு முனையிலும் 120 ஓம் டெர்மினேட்டர் (முனையில் மாட்டும் மின்தடை) இருக்க வேண்டும். பவரை அணைத்துவிட்டு இரண்டு டேட்டா ஒயருக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்தால் 60 ஓம் அளவு காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு டெர்மினேட்டர் இல்லை அல்லது கழன்றிருக்கிறது. இரண்டு பிளாட்டர் இருந்தால் இன்னொரு டி, அவ்வளவுதான்.

சோதனை

பிளாட்டரை ஆன் செய்து, ஜிபிஎஸ் பிடித்த பிறகு வயர்லெஸ்ஸின் திரையைப் பாருங்கள். துறைமுகத்துக்குள் இருந்தால் ஏறக்குறைய வடக்கு 13 டிகிரி 5 மினிட், கிழக்கு 80 டிகிரி 17 மினிட் வர வேண்டும். வரவில்லையா? முதலில் வேகம், அடுத்து ஆர்எம்சி, அதன் பிறகு பிளஸ் மைனஸை மாற்றிப் பாருங்கள். ஏ, பி பெயர்களை மாற்றிப் போடும் கம்பெனிகளும் உண்டு. வயர்லெஸ்ஸின் கடிகாரத்துக்கு, உலகப் பொது நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிட வித்தியாசம் கொடுக்க மறக்காதீர்கள்.

பிறகு பிளாட்டரை அணைத்துப் பாருங்கள். இடம் போய்விட்டது என்று வயர்லெஸ் எச்சரிக்க வேண்டும். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்பது படகில் ஏறும் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

சிவப்புப் பொத்தானைச் சோதனைக்கு ஒருபோதும் அழுத்தாதீர்கள். கைதவறி அழுத்திவிட்டால் உடனே வயர்லெஸ்ஸில் ரத்து செய்துவிட்டு, சேனல் 16ல் படகின் பெயர், எம்எம்எஸ்ஐ, இடம் சொல்லி, அது தவறான அழைப்பு என்று அறிவியுங்கள். பயந்துபோய் அணைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. கடலோரக் காவல்படையின் 1554 என்ற அவசர எண்ணும் போனில் இருக்கட்டும்.

சோதிக்க வேறு வழி இருக்கிறது. டிஎஸ்சி உள்ள இன்னொரு படகின் எம்எம்எஸ்ஐ எண்ணைப் பதிந்து, தனி அழைப்பு மெனுவிலிருந்து அதன் இடத்தைக் கேளுங்கள். பதில் தானாக வரும்படி அங்கே வைத்திருந்தால், சில விநாடியில் அந்தப் படகு உங்கள் பிளாட்டரில் புள்ளியாக வந்து நிற்கும். போன மாதம் என் நண்பரின் படகில் இதைத்தான் செய்தோம். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு இது இருந்திருந்தா நீ நேரா வந்திருப்பே இல்ல" என்றார்.

வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், தை மாதத்தில் ஒருமுறை டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். திருகுகளில் பச்சைப் பூத்திருந்தால் அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். அதற்காக ஒவ்வொரு ஒயரிலும் நான்கு விரல்கடை நீளம் கூடுதலாக இப்போதே விட்டுவையுங்கள்.